செல்லப்பாவுக்கு ஓர் அறை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை சௌம்யா காப்பி டம்ளரோடு ஹாலுக்கு வந்தபோது, மாமனார் சீனிவாசன் டி.வி.க்கு எதிரே தன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அறையின் சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை. சாவியின் பல்கூட வெளியே தெரிந்தது.

நேற்று சாயங்காலம் அந்த அறையைப் பூட்டி, "என்னைக் கேக்காம என் சாமான்ல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று சொன்னவர்தான். அதற்கப்புறம் சாப்பிடும்போது 'ரசம்' என்று ஒரு வார்த்தை சொன்னார். வேறு பேச்சில்லை.

அந்த அறைக்கு 'கோடவுன்' என்று பெயர் வைத்தவன் அவருடைய மகன் வெங்கட், சௌம்யாவின் கணவன். சீனிவாசன் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, மௌலா அலிப் பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஓய்வு பெற்றதும் ஊரின் மறுகோடியில், மாதாப்பூரில் மகனின் ஃப்ளாட்டுக்கு வந்தவர். வரும்போது குவார்ட்டர்ஸின் சுவர்களை மட்டும்தான் விட்டுவிட்டு வந்தார். டி.வி. வந்த அட்டைப்பெட்டிகள், அவற்றுக்குள் தெர்மோகோல், ஓடுகிற ஏர்கூலர், ஓடாத ஏர்கூலர், ஸ்டெபிலைசர், வெங்கட்டின் இன்ஜினீயரிங் புத்தகங்கள், கொலு பொம்மை டிரங்குப் பெட்டிகள், மூடி இல்லாத பாட்டில்கள், பாட்டில் இல்லாத மூடிகள். எல்லாம் அந்த அறையின் தரையில் கிடந்தன. ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் பெட்டிகள்மேல் ஏறித்தான் போக வேண்டும்.

அந்த அறையில்தான் தன் அப்பா வந்து தங்கப்போகிறார் என்பதைச் சௌம்யாவால் இன்னும் நம்ப முடியவில்லை.

அப்பா செல்லப்பா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அண்ணன் கோவிந்தராஜன் பூனாவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் இருக்கிறான். அவன் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருப்பதாக போனில் சொன்ன அன்று சௌம்யா அழுதாள். தன் அப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வரலாமா என்று இந்த வீட்டில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கேட்காமலேயே நடந்தது. மாமியார் சகுந்தலா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, சௌம்யாவின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அம்பாசமுத்திரத்துக்கே போன் போட்டு வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்தபோது, "சம்பந்தி மாமா இங்க வரார். ரூம் இருக்கு" என்றாள்.

ரூம் எங்கே இருந்தது?

வாசல் மணி அடித்தது. குக்கட்பல்லிப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பெரிய மரச்சாமான் கடையின் ஆட்கள் இரண்டு பேர் நீளமான தட்டை அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றார்கள். இரண்டு அலமாரி என்று சொல்லி வாங்கியது. பார்த்தால் அலமாரியை யாரோ இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

"கிதர் ரக்கூம் அம்மா? பெட்ரூம்மே?" எங்கே வைப்பது, படுக்கையறையிலா என்று கேட்டான் ஒருவன்.

"நக்கோ பையா, நக்கோ. ரூம் பூட்டியிருக்கு. இதர்ச் ரக்கோ, டி.வி. கே சாம்னே" என்றாள் சகுந்தலா.

பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக டி.வி.க்கு முன்னால் ஏறின. செய்தி வாசிக்கிற பெண்ணின் தலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. கடைசிப் பெட்டியில் அதுவும் மறைந்தது.

"என்ன இது?" என்றார் சீனிவாசன்.

"அலமாரி."

"இங்கயா வைக்கறது?"

"வேற எங்க வைக்கறது? நீங்களே சொல்லுங்கோ" என்று சகுந்தலா ரசீதில் கையெழுத்துப் போட்டாள். பலகைகளைச் சேர்த்துப் பூட்டி அலமாரியாக்கித் தருகிற ஃபிட்டர் எப்போது வருவான் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றார்கள்.

அப்போதுதான் சௌம்யாவின் போன் அடித்தது. அண்ணன். அப்பாவை அழைத்துக்கொண்டு அன்று ராத்திரி வருவதாக இருந்தான்.

"சௌமி, நைட் ஃப்ளைட் கேன்சல். மத்தியான ஃப்ளைட்டுல இடம் குடுத்துட்டா. நாலு மணிக்கெல்லாம் உங்காத்துல இருப்போம். இன்னொண்ணு சொல்லிடறேன். அப்பா வாக்கரோட நடக்கறார். இடம் சரியா இல்லைன்னா மரியாதைக்காக நான் தலையாட்ட மாட்டேன். திங்கக்கிழமை கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன்."

சௌம்யா போனை வைத்தாள். வெங்கட் அலுவலகத்தில் இருந்தான். புது சாஃப்ட்வேர் ரிலீஸ், சாயங்காலத்துக்கு முன் அவனால் எழுந்திருக்க முடியாது. ஃபிட்டர் செவ்வாய்க்கிழமை. அறைச் சாவி மாமனார் பையில்.

"நாலு மணிக்கு வரா" என்றாள் மெதுவாக.

சகுந்தலா தலையை ஆட்டினாள். பிறகு கணவர் நாற்காலிக்கு எதிரே, அந்த அட்டைப்பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்தாள்.

"சாவியைக் குடுங்கோ."

சீனிவாசன் அவளைப் பார்க்கவில்லை. "இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு ரூம்தான். அதையும் எடுத்துண்டா நான் எங்க போறது?"

சௌம்யா உள்ளே போய்விடலாமா என்று நினைத்தாள். சகுந்தலாவின் குரலில் கோபம் இல்லை.

"உங்க சாமான்ல ஒரு ஆணியைக்கூட நான் வெளியில போடப்போறதில்லை. எல்லாம் தரையில படுத்துண்டிருக்கு. எழுப்பிச் சுவரோரமா நிக்க வைக்கப்போறேன். தரையை மட்டும் குடுங்கோ. சுவர் உங்களோடது."

"பழைய சாமான் வாங்கற கபாடிவாலாவைக் கூப்பிட மாட்டியே?"

"மாட்டேன்."

"வெங்கட் கூப்பிடுவான்."

"அவன் கூப்பிட்டா நான் திருப்பி அனுப்பறேன்."

சீனிவாசன் சாவியை எடுத்து நீட்டினார். கையில் கொடுக்காமல் அட்டைப்பெட்டியின் மேல் வைத்தார். அவ்வளவு ரோஷமாவது வேண்டாமா?

அறையிலிருந்த சாமான்கள் ஹாலுக்கு வந்தன. அலமாரிப் பெட்டிகள் அறைக்குள் போயின. சகுந்தலா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கத்தரிக்கோலால் முதல் பெட்டியின் டேப்பை வெட்டினாள். உள்ளே வழவழப்பான பலகைகள், விரல் நுனி அளவு மரக்குச்சிகள், பாக்கெட் பாக்கெட்டாக ஸ்க்ரூ, எல் எழுத்துப்போல வளைந்த ஒரு கம்பிச் சாவி, மடித்து வைத்த ஒரு தாள். தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் படங்களும் அம்புக்குறிகளும்.

"ஃபிட்டர் இல்லாம நம்மால முடியுமா அம்மா?" என்று மாமியாரைக் கேட்டாள் சௌம்யா.

"வருஷா வருஷம் நவராத்திரிக்குக் கொலுப்படி யார் பூட்டறான்னு நினைச்சே? இரும்பு ஆங்கிள், நட்டு, போல்ட்டு. நான்தான். உன் மாமனார் பிடிச்சுண்டு நிப்பார். அந்தப் புகழும் அவருக்குத்தான் போகும்."

கையைப் பிசைந்துகொண்டு அறை வாசலில் நின்றிருந்த சீனிவாசன் சட்டென்று நகர்ந்துபோனார்.

சகுந்தலா தாளைத் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் ஸ்க்ரூ பாக்கெட்டுகளை வைத்தாள். எந்தப் பலகை எது என்று ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டுச் சுவரில் சாய்த்தாள். சௌம்யா அலுவலகத்தில் ஒன்று விடாமல் சரிபார்க்கிற டெஸ்டிங் குழுவுக்கே தலைவி. ஆனால் இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் மாமியார் ஒரு படத்தை இப்படி நிதானமாகப் படித்து அவள் பார்த்ததில்லை. மாமியார் சொன்னால் கேட்க இந்த வீட்டில் யாரும் இருந்ததும் இல்லை.

அவசரப்பட்டது சௌம்யாதான். "இது சுலபம் அம்மா, நான் பாத்துக்கறேன்" என்று நடுப்பலகைகளை மளமளவென்று பூட்டினாள். அலமாரியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆளுயரத்துக்கும் மேலே அழகாக நின்றது. பின்பக்க அட்டையைச் செருகப் பார்த்தால், உள்ளே போகவில்லை. இரண்டு பலகைகள் முன்பின்னாக மாறியிருந்தன. வர்ணம் பூசாத மரத்தூள் விளிம்பு முன்பக்கம் பல்லை இளித்தது.

எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

சௌம்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது நடக்காது அம்மா. அண்ணா வந்து பாத்துட்டு அப்பாவை அழைச்சுண்டு போயிடுவான்." அழுகை வந்துவிட்டது.

"அழறதுன்னா ஸ்க்ரூவைக் கழட்டிண்டே அழு" என்றாள் சகுந்தலா, கம்பிச் சாவியை அவள் கையில் திணித்து. "நேரம் மிச்சம்."

சௌம்யாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. கழற்றினாள். மாமியார் ஒவ்வொரு பலகையையும் திருப்பிக் கொடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, "இப்ப" என்று சொன்ன பிறகுதான் பூட்டினாள். அலமாரி மறுபடி நின்றது. பின்பக்க அட்டை சர்ரென்று இறங்கியது. இரண்டாவது அலமாரி, முதலாவதற்கு ஆன நேரத்தில் பாதியில் முடிந்தது.

"போதும் அம்மா. சாமானை அடுக்கலாம்."

"இரு. உங்கப்பா தடுமாறினா எதைப் பிடிப்பார்? இதைத்தான் பிடிப்பார். சுவரோட சேத்து அடிக்காம இதுல ஒரு கிண்ணம்கூட வைக்கக் கூடாது."

மேல்மாடியில் அப்துல் காதர் இருந்தார். வாணியம்பாடிக்காரர், வெங்கட் மாதிரியே மென்பொருள் நிறுவனத்தில் வேலை. டிரில்லிங் மிஷின் கேட்டு சௌம்யா போனதும் மிஷினோடு அவரே இறங்கி வந்துவிட்டார். சகுந்தலா பென்சிலால் குறி போட்ட இடங்களில் துளை போட்டு, இரும்புப் பட்டையை வைத்து முறுக்கினார். முடித்ததும் சகுந்தலா அலமாரியின் பக்கப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள். அசையவில்லை.

"ஆன்ட்டி, கட்டடம் விழுந்தாலும் இது நிக்கும்" என்றார் அப்துல் காதர். "எங்க வீட்டுக்கும் ரெண்டு வாங்கலாம்னு இருக்கேன். நீங்கதான் வந்து சொல்லித் தரணும்."

சகுந்தலா வெட்கப்பட்டுச் சிரித்ததை அன்றுதான் சௌம்யா முதன்முதலாகப் பார்த்தாள்.

அடுக்க ஆரம்பித்தார்கள். கனமானது கீழே, லேசானது மேலே, அடிக்கடி தேவைப்படுவது கைக்கு எட்டுகிற மாதிரி நடுவில். சௌம்யா ஸ்டெபிலைசரை நடுத்தட்டுக்குத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதை அங்க வைக்காதே. பலகை வளைஞ்சுடும். கீழ வை."

சீனிவாசன் உள்ளே வந்து அதைத் தானே வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம் போகவில்லை. புத்தகங்களைத் துறைவாரியாகப் பிரித்தார். ஒயர்களைச் சுருட்டிக் கட்டினார். பாட்டில்களுக்கு மூடிகளைத் தேடிப் பிடித்துப் போட்டார். பாதிக்கு மேல் பொருந்தின. இத்தனை நாளும் ஒரே அறையில் ஒன்றையொன்று தேடிக்கொண்டு கிடந்திருக்கின்றன.

டி.வி. பெட்டிகளின் முறை வந்தது. அலமாரியில் பெரியதொரு இடம் வேண்டும் அதற்கு. சீனிவாசன் பெட்டியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

"இந்த டி.வி.யே இப்ப இல்லையே" என்றார் தனக்குத்தானே.

சௌம்யா வாயைத் திறந்தாள். சகுந்தலாவின் பார்வை அவளை நிறுத்தியது. சீனிவாசன் அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தோளில் வைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். திரும்பி வந்து ஓடாத ஏர்கூலரையும் எடுத்துப்போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அவர் திருப்பிக் கொண்டுவந்திருப்பார்.

மணி மூன்றரைக்குத் தரை தெரிந்தது. ஜன்னல் திறந்தது. ஹாலிலிருந்து ஒரு கட்டிலைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டு, சௌம்யா துவைத்த விரிப்பு விரித்தாள். தரையிலிருந்து விட்டம் வரை ஒரு சுவர் முழுக்க அந்தக் குடும்பத்தின் மீதிச் சாமான் அத்தனையும் நின்றது. அதே சாமான்தான். காலையில் பார்த்தால் மூச்சு முட்டியது. இப்போது பார்க்க நிறைவாக இருந்தது. உச்சித்தட்டில் பொம்மைப் பெட்டிகள், அடித்தட்டில் கனமான இரும்பு. எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

"எப்படி அம்மா?" என்று சௌம்யா கேட்டாள். கேள்வி முழுசாக வரவில்லை.

"குளிச்சுட்டு வா. தலையெல்லாம் மரத்தூள்" என்றாள் சகுந்தலா.

ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸி சொன்ன நேரத்துக்கு நின்றது. செல்லப்பா மெலிந்திருந்தார். வாக்கரை முன்னால் வைத்து, காலை எடுத்து வைத்து, மறுபடி வாக்கரை நகர்த்தி, ஹாலைக் கடந்து அறைக்குள் வந்தார். ஜன்னல் வரை போனார். அங்கே எதிலும் இடிக்காமல் ஒரு முழு வட்டம் திரும்பினார்.

கோவிந்தராஜன் அறையைச் சுற்றி வந்தான். கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடந்து பார்த்தான். அலமாரியைக் கையால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினான்.

"யார் மாமி பண்ணினா இதை?"

"உன் தங்கை" என்றாள் சகுந்தலா.

"அம்மா" என்றாள் சௌம்யா அதே நேரத்தில்.

கோவிந்தராஜன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இப்படி இருக்கும்னு நினைக்கலை" என்றான். அதில் தோற்றவனின் குரல் இல்லை. ஏதோ ஒரு பாரம் இருந்தது.

சௌம்யா சந்தோஷத்தோடு அப்பாவின் பையை எடுத்து ஜிப்பை இழுத்தாள்.

"பையைப் பிரிக்காதே சௌமி" என்றார் செல்லப்பா.

அவள் நிமிர்ந்தாள்.

"கோவிந்தனைத் திட்டாதே. ரெண்டு மாசமா நீ அவனைத் திட்டிண்டிருக்கே, அவனும் வாங்கிண்டிருக்கான். கோயம்புத்தூர் அவன் யோசனை இல்லை. நான்தான் இடம் பாக்கச் சொன்னேன்." கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். "பொண்ணாத்துல வந்து உக்காந்துண்டு, வேளா வேளைக்கு அவாளைத் தட்டு வைக்கச் சொல்லி... எனக்கு அது வரலைம்மா. ரெண்டு நாள் உன்னைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

சௌம்யா அண்ணனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதெப்படி?" என்றது ஒரு குரல்.

சீனிவாசன். முகம் சிவந்திருந்தது.

"அதெப்படி ஸார் போவேள்? காலையிலேர்ந்து முதுகு ஒடிய அடுக்கியிருக்கேன். என் முப்பது வருஷத்தை ஒரே சுவத்துல ஒடுக்கிண்டு உங்களுக்கு இடம் பண்ணியிருக்கேன். ஏர்கூலரைத் தூக்கிப் போட்டேன் ஸார்! இவா யாரும் சொல்லலை, நானே போட்டேன். இப்ப நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டா, நான் இந்த ரூம்ல தனியா என்ன பண்ணுவேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, சம்பந்திக்கு எதிரே தொப்பென்று உட்கார்ந்தார். செல்லப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி போட்டுண்டு வரேன்" என்று சகுந்தலா சமையலறைக்கு நடந்தாள். சௌம்யா பின்னாலேயே போனாள். அடுப்பில் பாலை வைக்கும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா இப்படிச் சொல்வார்னு நான் எதிர்பாக்கவே இல்லை அம்மா."

"எனக்குத் தெரியும்" என்றாள் சகுந்தலா, டிகாக்ஷனை இறக்கிக்கொண்டே. "அன்னிக்கு போன்லயே சொல்லிட்டார். கோயம்புத்தூர் என் இஷ்டம்தான், சௌமிகிட்ட சொல்லிடாதீங்கோன்னார். ஒரு தடவை வந்து பாத்துட்டாவது போங்கோன்னு நான்தான் கெஞ்சினேன்."

சௌம்யா திகைத்து நின்றாள். "தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா இத்தனையும் பண்ணினேள்? மாமாகிட்ட சண்டை போட்டு, அலமாரி வாங்கி..."

சகுந்தலா டம்ளர்களை வரிசையாக வைத்தாள். அவள் விரல்களில் கம்பிச் சாவி அழுத்திய இடம் சிவந்து கன்றியிருந்தது.

"இடம் இல்லைங்கறதுக்காக ஒருத்தர் போகக் கூடாது சௌம்யா. இடம் இருந்து, வேண்டாம்னு போனா, அது அவர் இஷ்டம். நான் தடுக்க மாட்டேன். ஆனா இடம் இருக்கணும் இல்லையா?"

சௌம்யா அந்தக் கன்றிப்போன விரல்களைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் தான் யாரோடு இருந்தோம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பால் பொங்கி வந்தது. சகுந்தலா கையை விடுவித்துக்கொண்டு அடுப்பைத் தணித்தாள்.

அறையிலிருந்து சீனிவாசனின் குரல் கேட்டது. நடுவில் செல்லப்பா ஏதோ சொன்னார். அப்புறம் இரண்டு குரலும் நின்றுவிட்டன. வாக்கரின் கால் தரையில் ஊன்றுகிற சத்தம் டக்கென்று கேட்டது. அப்பா எழுந்து நிற்கிறார்.

"சௌமி!" என்று கூப்பிட்டார் செல்லப்பா. "இங்க வா. உன் மாமியாரையும் அழைச்சுண்டு வா. நான் அவாகிட்ட நேராவே சொல்லிடறேன்."

சௌம்யா மாமியாரைப் பார்த்தாள். சகுந்தலா தலைப்பைச் சரிசெய்துகொண்டு, காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.